வாசம், உறைவு, குடிகொள்ளல்: மாந்தரிடையே கடவுள் தங்குதல் பற்றிய யூத, கிறித்தவ நோக்குகள்

சமய ஒப்பீடு குறித்துத் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகளிலும் நம் வகுப்பறைகளிலும் ஒரு கருத்து ஐயத்திற்கு இடமின்றி வழங்கி வருகின்றது. யூதரின் கடவுள் எட்டாத் தொலைவில் இருப்பவர். அவரை மண்ணுக்குக் கொணர்ந்து மாந்தர் நடுவே வாழச் செய்தது கிறித்தவமே என்பது அக்கருத்து. கற்பிப்பதற்கு இது எளிது. விடைத்தாளில் எழுதுவதற்கும் எளிது. ஆயின், மூல நூல்களின் சொற்களோடு ஒட்டவைத்துப் பார்க்குமிடத்து இப்பிரிவினை நிலைபெறுவதில்லை. மாந்தர் நடுவே தங்கும் கடவுள் என்னும் எண்ணத்தை யூதமரபு கிறித்தவத்திற்கு முன்னும் கொண்டிருந்தது, பின்னும் கைவிடவில்லை. இரு மரபுகளும் வேறுபடும் இடம் உண்டு. அது நாம் வழக்கமாகச் சுட்டும் இடமன்று. தமிழ் விவிலியங்கள் தேர்ந்துகொண்ட சொற்களையும் உடன்வைத்து அவ்விடத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

எபிரேய விவிலியத்தில் கடவுளின் தங்குதலைக் குறிக்க இரண்டு வினைகள் பெரிதும் பயில்கின்றன. ஒன்று 'யாஷவ்'. அமர்தல், வீற்றிருத்தல், குடியிருத்தல் என்பன இதன் பொருள். மற்றொன்று 'ஷாகன்'. தங்குதல் என்னும் இவ்வினையில் கூடாரத்தில் வாழ்வோர் ஓரிடத்தில் இறங்கித் தங்கும் சாயலும் உண்டு. பாலைநிலத்தில் இஸ்ரயேலர் அமைத்த திருக்கூடாரத்திற்கு 'மிஷ்கான்' என்று பெயர். இது ஷாகன் என்னும் வேரிலிருந்து பிறந்தது. குருத்துவ மரபைச் சார்ந்த எழுத்தாளர்கள் மண்ணில் கடவுள் தங்குவதைக் கூற யாஷவ் என்பதைத் தவிர்த்து ஷாகன் என்பதையே வேண்டுமென்றே ஆண்டனர் என அமெரிக்க அறிஞர் ஃபிராங்க் மூர் கிராஸ் எடுத்துக்காட்டினார். அரியணையில் நிலையாக வீற்றிருப்பது வேறு. கூடாரத்தில் உடன் தங்கி, மக்கள் புறப்படும்போது உடன் புறப்படுவது வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

விடுதலைப் பயண நூலின் நாற்பது அதிகாரங்களுள் பதின்மூன்று இக்கூடாரத்தின் பலகை, திரை, கொளுவி, விளக்கு ஆகியவற்றைப் பற்றியே பேசுகின்றன. உலகம் படைக்கப்பட்ட செய்திக்குத் தொடக்க நூல் செலவிட்டவை இரண்டு அதிகாரங்களே. முதன்முறை படிப்போர்க்கு இவ்வளவைப் பட்டியல் சலிப்பூட்டக்கூடும். மாணவர் பலர் இப்பகுதியைத் தாவிச் செல்வதையும் கண்டிருக்கிறேன். ஆயின் அந்நூலாசிரியருக்கு எது முதன்மையானது என்பதை இந்த அளவே சொல்லிவிடுகிறது. அந்நூலின் 25ஆம் அதிகாரத்தில் தமக்கொரு தூய இடத்தை அமைக்குமாறு கடவுள் பணிக்கிறார். அதனுள்ளே தங்குவதாக அவர் கூறவில்லை. அவர்கள் நடுவே தங்குவதாகக் கூறுகிறார். இந்த இடவேற்றுமையைப் பிற்கால யூத உரையாசிரியர் பலர் சுட்டியுள்ளனர். கட்டப்படுவது கூடாரம், தங்கப்படுவது மக்கள்.

இவ்வெண்ணம் யூத மரபிற்குள்ளேயே எளிதாக ஏற்கப்பட்டதன்று. எருசலேம் கோவிலை அர்ப்பணிக்கும் வேளையில், வானங்களும் கொள்ளாத கடவுள் மண்ணில் மெய்யாகவே குடியிருப்பாரோ எனச் சாலமோன் வியந்து வினவுவதாக அரசர் முதல் நூல் கூறுகிறது. இங்கு வரும் வினை யாஷவ் என்பதே. இணைச்சட்ட நூலோ, கடவுள் தங்குவதாகக் கூறாமல், அவருடைய பெயர் தங்கும் இடம் எனப் பேசுகிறது. கடவுளை வானில் இருத்திப் பெயரை மட்டும் மண்ணில் வைக்கும் இறையியல் திருத்தம் இது என்பது கெர்ஹார்டு ஃபான் ராட் முதலியோர் நிலைநாட்டிய கொள்கை. ஓரிடத்தில் தன் பெயரைப் பொறித்து உரிமை நாட்டும் அக்காதிய அரசவழக்கின் பெயர்ப்பே இத்தொடர் என 2002இல் சாண்டிரா ரிக்டர் மறுத்தெழுதினார். எது பொருந்துவதாயினும், தங்குதல் என்னும் வினை அக்காலத்தவர்க்கே எடைமிக்கதாக இருந்தது என்பது தெளிவு.

எசேக்கியேல் இவ்வினாவை வேறொரு முனையிலிருந்து அணுகினார். கி.மு. 597இல் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர் அவர். கோவில் இன்னும் எருசலேமில் நின்றுகொண்டிருந்த கி.மு. 593இல், கெபார் ஆற்றங்கரையில், அயல்மண்ணில், கடவுளின் மாட்சி சக்கரங்கள் மீது வருவதை அவர் காண்கிறார். பின்னர் அம்மாட்சி கோவிலின் வாயிற்படிக்கும், கிழக்கு வாயிலுக்கும், நகரின் கிழக்கேயுள்ள மலைக்கும் படிப்படியாக நகர்ந்து வெளியேறுவதாக எழுதுகிறார். கோவில் இடிந்ததனால் கடவுள் வீடிழந்தார் என்பதன்று அவர் கூற்று. கடவுள் வெளியேறிய பின்னரே கோவில் இடிகிறது. சிதறுண்ட மக்களுக்குக் கடவுள் தாமே ஒரு சிறு திருவிடமாக இருப்பதாகவும் அவர் உரைக்கிறார். இச்சிறு திருவிடம் தொழுகைக் கூடங்களையே குறிக்கும் எனப் பிற்காலத் தல்மூத் பொருள்கொண்டது.

ஷெக்கினா

எபிரேய விவிலியம் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டபோது நிகழ்ந்த ஒன்று மொழிபெயர்ப்பு பயில்வோர் அறியவேண்டுவதாகும். விடுதலைப் பயணம் 25ஆம் அதிகாரத்தில் மக்கள் நடுவே 'தங்குதல்' என மூலம் கூறும் இடத்தில், எழுபதின்மர் பெயர்ப்பு 'காணப்படுதல்' என்னும் பொருளுடைய வினையை இடுகிறது. தங்குதல் தோன்றுதலாக மாறிவிட்டது. அரமேயப் பெயர்ப்பான ஒங்கெலோசின் தர்கூமோ வேறு வழியைக் கையாண்டது. கடவுள் தங்குவார் என்பதற்கு மாற்றாகக் கடவுள் தம் 'ஷெக்கினா'வைத் தங்கச் செய்வார் என அது பெயர்த்தது. ஷாகன் என்னும் வேரிலிருந்து புதிதாக ஆக்கப்பெற்ற பெயர்ச்சொல் இது. எபிரேய விவிலியத்தில் இச்சொல் ஓரிடத்திலும் இல்லை. தமிழ்க் கிறித்தவ மேடைகளிலும் பாடல்களிலும் 'ஷெக்கினா மகிமை' என்னும் தொடர் விவிலியத் தொடரெனவே ஒலிப்பதால் இதனை வலியுறுத்திக் கூறவேண்டியுள்ளது. அச்சொல் ரபிமாரின் உடைமை. அவர்களிடமிருந்து பெற்ற கடன்.

கி.பி. 70இல் இரண்டாம் கோவில் அழிந்தபின் ரபிமார் இச்சொல்லைக் கொண்டு நிகழ்த்திய சிந்தனை மிக விரிந்தது. அதனை ஒற்றைக் கோட்பாடாகச் சுருக்குவோர் பிழைபடுவர். கோவில் அழிந்ததும் ஷெக்கினா வானேறிவிட்டது என்றார் ஒருவர். இல்லை, அது மேற்குச் சுவரைவிட்டு அகலவே இல்லை என்றார் மற்றொருவர். இரண்டும் ஒரே நூலில், அருகருகே, தீர்ப்பின்றி வைக்கப்பட்டுள்ளன. இரண்டாம் கோவிலில் ஷெக்கினா இருந்ததே இல்லை எனத் தல்மூதின் யோமா பகுதி ஐந்து குறைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ரபி யோசேயோ இன்னும் ஒரு படி மேலே சென்று, ஷெக்கினா ஒருபோதும் முற்றாக மண்ணைத் தொட்டதில்லை, பத்துக் கையகல அளவிற்கு மேலேயே நின்றது என்னும் கருத்தை முன்வைத்தார். யூதக் கடவுள் தொலைவிலுள்ளவர் என வாதிடுவோர்க்கு இவ்விடம் உவப்பளிக்கும். ஆயின், தொடக்க நூலுக்கான பேருரை இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. ஷெக்கினாவின் இயல்பான இருப்பிடம் கீழுலகமே. ஆதாம் முதலாக ஏழு தலைமுறையின் தீவினைகள் அதனை ஏழு வானங்களுக்கு மேலே துரத்தின. ஆபிரகாம் முதல் மோசே வரையிலான ஏழு நேரியோர் படிப்படியாக அதனைக் கீழே கொணர்ந்தனர் என்பது அவ்வுரை. இங்கே விண்ணிலிருந்து இறங்கி வருதல் என்பது அருளின் வியத்தகு செயலன்று, வீடு திரும்புதல்.

ரபி ஷிமோன் பார் யோகாயின் பெயரால் வழங்கும் கருத்து ஒன்று தல்மூதின் மெகிலா பகுதியில் உள்ளது. இஸ்ரயேலர் எகிப்துக்கும் பாபிலோனுக்கும் எங்கெங்குச் சிறைசென்றனரோ அங்கெல்லாம் ஷெக்கினாவும் உடன்சென்றது என்பதே அது. எசேக்கியேலின் சக்கரங்கள் இங்கே முழு வளர்ச்சி பெறுகின்றன. உடன்சென்று மீட்பவர் என்பதோடு அமையாது, உடன்சென்று தாமும் சிறைப்படுபவராகக் கடவுள் காட்டப்படுகிறார். மாந்தரின் துன்பத்தில் கடவுள் பங்குபெறுதல் கிறித்தவத்திற்கே உரியது எனக் கூறுவோர் இப்பகுதியைக் கருதுவதில்லை.

கோவிலற்ற காலத்தில் ஷெக்கினா தங்கும் இடங்கள் மிகச் சிறியனவாகிவிட்டன. இருவர் அமர்ந்து தோராவைப் பற்றி உரையாடினால் அவர்களிடையே ஷெக்கினா தங்கும் என மிஷ்னாவின் ஆவோத் பகுதி கூறுகிறது. தம் பெயரால் இருவரோ மூவரோ கூடுமிடத்தில் தாம் இருப்பதாக மத்தேயு நற்செய்தியில் இயேசு கூறுவதோடு இதனை ஒப்பிடாத ஆய்வாளர் இலர். எது எதனிடமிருந்து பெற்றது என்னும் ஆராய்ச்சி பயன்தருவதன்று. தோரா இருந்த இடத்தில் இயேசுவின் பெயர் நிற்கிறது என்பதே கூர்ந்து நோக்கத்தக்கது. கணவனும் மனைவியும் தகுதியுடையோராயின் அவர்களிடையே ஷெக்கினா தங்கும் எனச் சோட்டா பகுதி உரைக்கும். மலாய்மொழிச் சூழலில் வாழும் நமக்கு இவ்விடத்தில் ஒரு சொல் நினைவிற்கு வராமற் போகாது. நல்லிணக்கமுள்ள குடும்பத்தைக் குறிக்க மலாயர் வழங்கும் 'சக்கினா' என்னும் அரபுச்சொல் இதே வேருக்கு உறவானது. திருக்குர்ஆனின் இரண்டாம் அதிகாரம் இஸ்ரயேலரின் பேழையோடு இச்சொல்லை இணைத்தே கூறுகின்றது. அரபு வழக்கில் அமைதி என்னும் பொருள் மேலோங்கிவிட்டது.

ஷெக்கினா என்பது கடவுளே தானா, அன்றிக் கடவுளிடமிருந்து வேறான ஒன்றா? ரபிமாரின் எழுத்துகளில் அது கடவுளின் உடனிருப்பைச் சுட்டும் வழக்கேயன்றித் தனிப்பொருளன்று என்பது எஃப்ராயிம் ஊர்பாக்கின் முடிபு. நடுக்காலத்தில் இவ்வினா மீண்டும் எழுந்தது. சாதியாவும் மைமோனிடிசும் கடவுளின் ஒருமைக்கு ஊறு நேராதபடி, அதனைப் படைக்கப்பட்ட ஓர் ஒளி என்றனர். படைக்கப்பட்டதனை நோக்கி வேண்டுதல் செய்தல் தகுமோ என நாக்மானிடிஸ் கடுமையாக மறுத்தார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காஸ்டீலில் தோன்றிய சோகார், ஷெக்கினாவைக் கடவுளின் பத்து வெளிப்பாடுகளுள் இறுதியானதாகவும் பெண்மைக் கூறாகவும் கண்டது. அக்கால மரியன்னை வழிபாட்டின் செல்வாக்கு இதில் உண்டு எனப் பீட்டர் ஷேஃபர் கருதுகிறார். சக்தி வழிபாட்டோடு இதனை உடனே பொருத்திக் காட்டும் ஆவல் நம்மவர்க்கு எழுவது இயல்பே. ஆயினும் ரபிமாரின் ஷெக்கினாவில் பெண்பால் என்பது இலக்கணப் பால் மட்டுமே என்பதை மறத்தலாகாது.

கூடாரமும் ஊனுடலும்

யோவான் நற்செய்தியின் முன்னுரை, வாக்கு ஊனுடல் ஆனதைக் கூறியவுடன் அவ்வாக்கு நம்மிடையே தங்கியதைக் கூறுகிறது. அங்கு ஆளப்படும் கிரேக்க வினை 'எஸ்கேனோசென்'. கூடாரம் என்னும் பொருள்தரும் 'ஸ்கேனே' என்பதன் அடியாகப் பிறந்தது அது. கூடாரமிட்டுத் தங்கினார் என்பதே நேர்ப்பொருள். எபிரேய ஷாகனின் மெய்யெழுத்துகளும் கிரேக்கச் சொல்லின் மெய்யெழுத்துகளும் ஒலியால் ஒத்திருப்பது தற்செயலே. எனினும் இருமொழியும் அறிந்தோர் செவிக்கு அவ்வொலி ஒன்றாகவே பட்டிருக்கும்.

இவ்வினை யோவானின் புத்தாக்கமன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சீராக்கின் ஞானம் 24ஆம் அதிகாரத்தில், எங்கும் இளைப்பாறுமிடம் தேடி அலைந்த ஞானத்தை நோக்கி, யாக்கோபிடம் கூடாரமிடுமாறு படைத்தவர் கட்டளையிடுகிறார். அந்த ஞானமே மோசேயின் திருச்சட்டம் என அவ்வதிகாரம் தொடர்கிறது. ஏனோக்கு முதல் நூலின் 42ஆம் அதிகாரமோ அதே கதையைத் துயர முடிவோடு சொல்கிறது. ஞானம் மாந்தரிடையே தங்க வந்தது, இடம் கிட்டவில்லை, வானுக்கே திரும்பிவிட்டது. யோவானின் முன்னுரையை இவ்விரண்டிற்கும் நடுவே வைத்துப் படித்தல் வேண்டும். தமக்குரியோரால் ஏற்கப்படாமை ஏனோக்கை நினைவூட்டுகிறது. கூடாரமிடுதல் சீராக்கை நினைவூட்டுகிறது. முன்னுரையின் முதற்பகுதி முழுவதும் யூத மரபின் இயல்பான விளக்கவுரையே என டேனியல் போயாரின் 2001இல் வாதிட்டார். அவர் கருத்தில் பிரிவு தொடங்குமிடம் வாக்கு ஊனுடல் ஆகும் இடமே. தங்குதலில் பிரிவு இல்லை, 'ஆதலில்'தான் பிரிவு. என் கருத்தும் இதுவே.

சீராக்கின் ஞானம் சீர்திருத்தத் திருச்சபையாரின் தமிழ் விவிலியத்தில் இடம்பெறுவதில்லை. எனவே தமிழ் வாசகருள் ஒரு சாரார் யோவானின் கூடாரத்திற்கு முன்னோடியை அறியாமலேயே படிக்கின்றனர்.

அந்த ஓர் அடியில் உள்ள இரு வினைகளும் கிறித்தவர்களையே பிற்காலத்தில் இரு பிரிவாக்கின. தங்குதல் என்பதைப் பற்றிக்கொண்டோர் அந்தியோக்கியச் சிந்தனையாளர். மொப்சுவெஸ்தியாவின் தியடோர், கோவிலில் கடவுள் உறைவது போலக் கிறிஸ்துவின் மனிதத்தில் வாக்கு உறைந்தது என விளக்கினார். அலெக்சாந்திரியாவின் சிரிலுக்கு இது போதவில்லை. இறைவாக்கினரிடமும் தூயோரிடமும் கடவுள் உறைந்ததற்கும் இதற்கும் வேறுபாடு யாது என்பது அவர் வினா. கி.பி. 431இல் எபேசு சங்கம் சிரிலின் பக்கம் நின்று நெஸ்டோரியசை விலக்கியது. இதன் விளைவு கருதற்குரியது. உறைதல் என்னும் யூதமொழி கிறித்தவத்தின் நடுக்கொள்கையைச் சொல்லப் போதாதது எனக் கிறித்தவச் சங்கமே ஒருவகையில் முடிவு செய்துவிட்டது. அவ்வாறாயின், மாந்தரிடையே தங்கும் கடவுள் என்பதைக் கிறித்தவத்தின் தனிச்சிறப்பாக நாம் வகுப்பில் கூறுவது யூதர்க்கு மட்டுமன்றிச் சிரிலுக்கும் பொருந்தாது.

தமிழில்

தரங்கம்பாடியில் 1715இல் சீகன்பால்கு அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடு முதலாகத் தமிழ்ப் பெயர்ப்பாளர் இவ்வினையோடு போராடி வந்துள்ளனர். இங்கு இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஹென்றி பவரின் முயற்சியால் 1871இல் உருவான பழைய திருப்புதலும், 1995இல் வெளிவந்த திருவிவிலியமும் அவை.

பழைய திருப்புதல் விடுதலைப் பயணத்திலும் யோவானிலும் 'வாசம்பண்ணு' என்னும் ஒரே வினையை இடுகிறது. திருவெளிப்பாட்டின் 21ஆம் அதிகாரத்தில் 'வாசஸ்தலம்', 'வாசமாயிரு' எனவே தொடர்கிறது. பாலைநிலக் கூடாரம் முதல் புதிய எருசலேம் வரை ஒரே இழை ஓடுவதைத் தமிழ் மட்டுமே அறிந்தவரும் கண்டுகொள்ளலாம். எழுபதின்மர் பின்வாங்கிய இடத்தில் இத்தமிழ்ப் பெயர்ப்பாளர்கள் பின்வாங்கவில்லை. ஆயினும் சாலமோனின் வினாவிலும் அதே வாசம்பண்ணுதலே வருவதால், யாஷவ், ஷாகன் என்னும் வேறுபாடு மறைந்துபோயிற்று. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் 12ஆம் அதிகாரத்தில், கிறிஸ்துவின் ஆற்றல் தம்மேல் கூடாரமிடுவதாகப் பவுல் கூறுமிடத்தில் 'தங்கு' என்பதே உள்ளது. அங்கு இழை அறுகிறது.

திருவிவிலியம் யோவானில் 'குடிகொள்' என்னும் நல்ல தமிழ் வினையை ஆள்கிறது. கோவிலில் தெய்வம் குடிகொள்வதாகக் கூறுவது நம் மரபாதலால், சொல்லைக் கேட்டவுடன் திருவிடம் கண்முன் எழுகிறது. 'குடி' என்பதில் குடும்பமும் குலமும் உண்டு. மக்களோடு மக்களாகும் உறவும் புலப்படுகிறது. வறுமையும் நோயும்கூடக் குடிகொள்ளும் என்பது வேறு. இதன் குறை, நிலைபேற்றைக் குறிப்பதே. குடிகொண்டவர் எழுந்து செல்வதில்லை. எபிரேய மிஷ்கானும் கிரேக்க ஸ்கேனேயும் கழற்றிச் சுருட்டித் தோள்மேல் எடுத்துச் செல்லத்தக்கவை. 'உறைவிடம்' என்பதற்கும் இக்குறை உண்டு.

வாசம் வடசொல் என்பதற்காகத் தள்ளத்தக்கதெனக் கூறுவோர் நம்மிடையே பலர். யானும் மாணவப் பருவத்தில் அவ்வாறு எழுதியவனே. ஆனால் தமிழ்ச்செவியில் வாசம் எவ்வாறு ஒலிக்கிறது? வனவாசம், அஞ்ஞாதவாசம், சிறைவாசம் என்றே நாம் கேட்டுப் பழகியுள்ளோம். இவை யாவும் வீட்டைவிட்டு அகன்று, ஒரு காலவரையறைக்குள், பெரும்பாலும் துன்பத்தில் தங்குதலைக் குறிப்பன. பாலையில் மக்களோடு அலைந்து, பாபிலோனில் அவர்களோடு சிறையிருந்த ஒருவரின் தங்குதலை இதைவிட நன்றாகச் சொல்லும் தமிழ்ச்சொல் எது? பெயர்ப்பாளர் இதனை எண்ணித்தான் ஆண்டனர் என்று யான் கூறவில்லை. சொல் தானே கொணர்ந்த பேறு அது. 'ஆசரிப்புக் கூடாரம்' என்பதும் இத்தகையதே. மூலத்தில் உள்ள 'மோஏத்' சந்திப்பையும் குறிக்கும். குறித்த வேளையையும் திருநாளையும் குறிக்கும். திருவிவிலியத்தின் 'சந்திப்புக் கூடாரம்' முதற்பொருளைத் துல்லியமாகத் தருகிறது; திருநாளை ஆசரித்தல் என்னும் வழக்கால் பழைய சொல் பிற்பொருளைத் தொடுகிறது.

தனித்தமிழிலேயே ஒரு சொல் வேண்டுமென்பார்க்குப் 'படைவீடு' என்பதைச் சுட்டலாம். பாளையத்தைக் குறித்த இச்சொல் முருகன் உறையும் தலங்களுக்குப் பெயராயிற்று. ஆற்றுப்படை வீடுகளே ஆறுபடை வீடுகள் ஆயின என்னும் விளக்கமும் உண்டு. எண்ணிக்கை நூலில் இஸ்ரயேல் குலங்கள் திருக்கூடாரத்தைச் சூழ நாற்றிசையும் பாளையம் இறங்கும் காட்சிக்கு இச்சொல் நன்கு பொருந்தும். ஆயின் யோவானில் இதனை வைத்தால் வாசகர் மனம் திருச்செந்தூருக்குச் சென்றுவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மீண்டும் ஷெக்கினாவுக்கு வருவோம். யூதர் இச்சொல்லை விடாது காத்தனர் என்பதோடு, கிறித்தவ இறையியலாளரும் அதனை அண்மைக்காலத்தில் நாடி வந்துள்ளனர். யூர்கன் மோல்ட்மன் 1980இல் வெளியிட்ட மூவொரு கடவுள் பற்றிய நூலில், துன்புறும் கடவுளைக் கூற ஃபிரான்ஸ் ரோசன்சுவைக் வழியே ஷெக்கினாவை அழைத்துக்கொண்டார். கடன் பெற்றதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் ஷெக்கினா சிலுவைக்கு முன்னறிவிப்பாக மட்டும் படிக்கப்படுமாயின், கி.பி. 70இற்குப் பின்னும் அச்சொல் யூதரிடையே வாழ்ந்த வாழ்வு கண்ணில் படாமற் போகிறது.

அவ்வாழ்வின் ஒரு பக்கம் வார்சாவில் உள்ளது. 1939 முதல் 1942 வரை, நாசிகள் யூதரை அடைத்துவைத்த அந்நகரில், பியாசெச்னோவின் ரபி கலோனிமுஸ் கல்மான் ஷாப்பிரா ஓய்வுநாள்தோறும் உரை நிகழ்த்தினார். கடவுள் உள்ளறையில் மறைந்து அழுகிறார் என்னும் தல்மூத் செய்தியை எடுத்துக்கொண்டு, அவ்வழுகை வெளியே கேட்குமாயின் உலகம் தாங்காது என்பதனாலேயே அவர் மறைந்துள்ளார் என விளக்கினார். தோராவைக் கற்பவன் அவ்வுள்ளறைக்குள் புகுந்து அவரோடு அழலாம் என்றார். 1943இல் அவர் கொல்லப்பட்டார். புதைத்து வைக்கப்பட்ட அவருடைய கையெழுத்துப்படிகள் போருக்குப் பின் இடிபாடுகளிலிருந்து எடுக்கப்பெற்று, 1960இல் 'ஏஷ் கோதேஷ்' என்னும் பெயரில் நூலாயின.